பெண் கேட்கலாமா?

(இரண்டாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் துறை)



தலைப்பைப் பார்த்துவிட்டு, "யாருக்கோ கல்யாணம் டோய்!" என்று பக்கத்து பெஞ்சைத் தட்டி எழுப்ப வேண்டாம். இது ஆண்டு மலர்க் கட்டுரைதான். நம் ஊரில் ‘பெண் கேட்பது’ என்று ஒரு வழக்கு இருக்கிறதே, அதை ஒர்க்‌ஷாப்பில் பழைய மோட்டாரைப் பிரிப்பது போலக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று ஓர் ஆசை. அவ்வளவுதான்.

பிரித்தால் மூன்று பாகம் வருகிறது. ஒன்று, பெண்ணைக் கேட்பது. மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் வைத்து எடுத்துவந்து, "உங்க பொண்ணை எங்களுக்குக் கொடுங்க" என்பது. இரண்டு, பெண்ணே கேட்பது. "உன்னைக் கட்டிக்க எனக்கு இஷ்டம், உனக்கு எப்படி?" என்று அவளே வாய் திறப்பது. மூன்று, பெண்ணிடம் கேட்பது. "உனக்குச் சம்மதமா?" என்று அவளை ஒரு வார்த்தை கேட்பது.

முதல் பாகம் உலகமெங்கும் எண்ணெய் போடாமலேயே நன்றாக ஓடியிருக்கிறது. இரண்டாம் பாகத்துக்கு ஊருக்கு ஊர் விதவிதமாகப் பூட்டு போட்டிருக்கிறார்கள். மூன்றாம் பாகத்தைப் பல இடங்களில் மெஷினில் மாட்டவே மறந்துவிட்டார்கள்! இந்தக் கதையை நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

பனங்கருக்குக் குதிரை

சங்க காலத்துக் காதலனுக்கு ஒரு வழி இருந்தது. காதலித்த பெண் கிடைக்காவிட்டால் பனை மடலில் குதிரை மாதிரி ஒன்று செய்வான். எருக்கம்பூ, ஆவிரம்பூ எல்லாம் கட்டி மாலை போட்டுக்கொள்வான். அவள் உருவத்தை ஒரு துணியில் எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குதிரை மேல் ஏறி, ஊர்த் தெருவில் இழுத்துவரச் செய்வான். இதற்கு ‘மடலேறுதல்’ என்று பெயர். பனங்கருக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் விளிம்பு ஹாக்ஸா பிளேடுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. அதன் மேல் உட்கார்ந்து ஊர்வலம் வருபவனைப் பார்த்து ஊரே இரக்கப்படும். பெண் வீட்டாரும் வெட்கப்பட்டு இறங்கி வருவார்கள் என்பது கணக்கு. ஆனால் பாடல்களில் வரும் காதலர்கள் பெரும்பாலும் "ஏறிவிடுவேன், ஏறிவிடுவேன்" என்று மிரட்டுவதோடு சரி! அரியர் பேப்பரை இந்த முறை எழுதியே தீருவேன் என்று நம்மில் சிலர் சொல்வது போலத்தான்.

சரி, அதே காதல் ஒரு பெண்ணுக்கு வந்தால்? தொல்காப்பியம் பெண்ணுக்கு மடலேற்றம் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டது. திருக்குறளில் 114-வது அதிகாரம், நாணுத்துறவுரைத்தல். அதில் வள்ளுவர், கடல் அளவு காதல் நோய் இருந்தாலும் மடல் ஏறாமல் பொறுத்துக்கொள்ளும் பெண் பிறப்பைப் போலப் பெருமையானது இல்லை என்கிறார். அதாவது, வலி ஒன்றுதான். கத்துவதற்கு அனுமதி ஒருவனுக்கு மட்டும்.

இந்த விதியைப் பார்த்துச் சிரித்த ஒருவரும் தமிழிலேயே இருக்கிறார். ஆழ்வார்களில் ஒருவரான திருமங்கையாழ்வார், பெருமாள் மேல் காதல் கொண்ட ஒரு பெண்ணாகத் தன்னைப் பாவித்துச் சிறிய திருமடல், பெரிய திருமடல் என்று இரண்டு நூல்கள் பாடினார். அந்தப் பெண் மடலேறப் போகிறேன் என்கிறாள். பெண்கள் மடலேற மாட்டார்கள் என்று தெற்கே ஒரு பேச்சு இருப்பதாகக் கேள்வி, அதை நான் ஏற்கவில்லை, எனக்கு வடக்கத்தி வழியே போதும் என்று ஒரே போடாகப் போடுகிறாள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்படி! விதியை மாற்ற முடியாவிட்டால் சிலபஸை மாற்றிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நான்கு வருடத்துக்கு ஒரு நாள்

வெள்ளைக்காரர் ஊரில் மட்டும் பெண்கள் நினைத்தபோது கேட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஒரு பழைய வழக்கம் உண்டு. பெண் ஆணிடம் "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்க லீப் வருடத்தில்தான் அனுமதி, அதிலும் பிப்ரவரி 29 விசேஷம். இதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். பிரிஜித் என்ற புனிதப் பெண்மணி, பேட்ரிக் என்ற புனிதரிடம் போய், "ஆண்கள் வாயைத் திறக்கிற வரைக்கும் பெண்கள் எத்தனை காலம் காத்திருப்பது?" என்று முறையிட்டாராம். அவர், "ஏழு வருடத்துக்கு ஒரு முறை பெண்கள் கேட்கட்டும்" என்றாராம். பிரிஜித் காய்கறிக்கடையில் பேசுவது போலப் பேரம் பேசி அதை நான்காகக் குறைத்தாராம்!

இன்னொரு கதை ஸ்காட்லாந்தைப் பற்றியது. 1288-ல் அந்நாட்டு அரசி மார்கரெட் இதைச் சட்டமாகவே போட்டார், மறுக்கும் ஆண் அபராதம் கட்ட வேண்டும் என்றார் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1283-ல் பிறந்த அந்த மார்கரெட்டுக்கு அப்போது ஐந்து வயது! இருந்ததும் ஸ்காட்லாந்தில் இல்லை, நார்வேயில். பால் பல் விழாத குழந்தை கல்யாணச் சட்டம் போட்டதாம். அதையும் பல பேர் நம்பிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள்.

அபராதம் மட்டும் சுவாரசியமானது. மறுத்தவன் பட்டு கவுன் வாங்கித் தர வேண்டும் என்பது ஓர் ஊர் வழக்கம். டென்மார்க்கில் 12 ஜோடி கையுறை தர வேண்டுமாம். ஏன் கையுறை? மோதிரம் இல்லாத விரலை அவள் வருடம் முழுக்க மறைத்துக்கொள்ளத்தான்!

இதிலும் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. லீப் வருட விதி நமக்கெல்லாம் தெரியும். நூறால் வகுபடும் வருடம் 400-ஆலும் வகுபட வேண்டும். 1900 அப்படி வகுபடாது. ஆகவே 1896-ஐத் தவறவிட்ட ஒரு பெண் 1904 வரை எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். பேரம் பேசி ஏழை நான்காக்கிய பிரிஜித் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அந்த ஒரு நாள் அனுமதியும் கேலிக்குத்தான் பயன்பட்டது. 1908 லீப் வருடத்தில் அமெரிக்காவில் விற்ற தபால் அட்டைகளைப் பார்த்தால், பெண்கள் வலையைத் தூக்கிக்கொண்டு ஆண்களைத் துரத்துவது போலப் படம் போட்டிருப்பார்கள். பெண் கேட்டால் அது வேட்டை. ஆண் கேட்டால் அது காதல்!

ஆண்கள் மை பூசும் ஊர்

எல்லா ஊரிலும் இப்படித்தானா என்றால், இல்லை. ஆப்பிரிக்காவில் நைஜர், சாட் நாட்டுப் பக்கம் வோடாபே என்று மாடு மேய்க்கும் மக்கள் இருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் ‘கெரெவோல்’ என்று ஒரு விழா நடத்துவார்கள். அதில் அலங்காரம் செய்துகொள்வது ஆண்கள். முகத்தில் வண்ணம், உதட்டில் கறுப்பு மை, தலையில் தீக்கோழி இறகு. வரிசையாக நின்று பல மணி நேரம் ஆடுவார்கள். கண்ணை உருட்டுவார்கள், பல்லைக் காட்டுவார்கள். கண்ணும் பல்லும் எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு அழகு. யார் அழகன் என்று தீர்ப்புச் சொல்வது பெண்கள். நம் ஊரில் பெண் பார்க்கும்போது "நடந்து காட்டும்மா, பாடிக் காட்டும்மா" என்பார்களே, அதைத் திருப்பிப் போட்டது போல!

ஆனால் அங்கும் பெண்ணின் முதல் கல்யாணத்தைச் சின்ன வயதிலேயே பெற்றோர் பேசி முடித்துவிடுவது உண்டு. விழாவில் அவள் நீதிபதி; வீட்டில் வேறு கதை.

இந்தோனேசியாவில் மேற்கு சுமத்ராவில் மினாங்கபாவ் மக்கள் இருக்கிறார்கள். அங்கே குடும்ப வீடும் நிலமும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கல்யாணம் பேசப் போவதும் பெண் வீட்டார்தான். பரியமான் என்ற பகுதியில் மாப்பிள்ளையை அழைத்துவரப் பெண் வீட்டார் ‘அழைப்புப் பணம்’ கொடுக்கும் வழக்கமும் உண்டு. மாப்பிள்ளையின் பட்டமும் அந்தஸ்தும் பார்த்துத் தொகை ஏறும். என்ன, எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பேர்தான் வேறு! இன்னொன்றும் நமக்குப் புரியும். அங்கே கல்யாணப் பேச்சில் பெரிய குரல் யாருக்கு? அந்தப் பெண்ணுக்கு இல்லை, அவளுடைய தாய்மாமனுக்கு!

ஆக, பெண் வீட்டார் கேட்பது வேறு, பெண் கேட்பது வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

விஞ்ஞானிகள் பெண் பார்த்த கதை

கிரகங்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்டுபிடித்த கெப்ளரை நாம் பிசிக்ஸில் படித்திருக்கிறோம். 1611-ல் அவர் மனைவி இறந்துபோனார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் தேடினார். எத்தனை பேரைப் பார்த்தார் தெரியுமா? பதினொன்று! ஒவ்வொருவருடைய குணம், குறை எல்லாவற்றையும் லேப் ரெக்கார்டு போல ஒரு கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். ஒருவருக்கு வாய் நாற்றம் என்று தள்ளினார். நான்காவது பெண் நல்ல உயரம், நல்ல உடல்வாகு. இவரோ ஐந்தாவதையும் பார்த்துவிடுவோமே என்று இழுத்தடித்தார். காத்திருந்து அலுத்துப்போன அந்தப் பெண் வேறு ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் 1613-ல் கெப்ளர் திரும்பி வந்து கட்டிக்கொண்டது அந்த ஐந்தாவது பெண்ணைத்தான். அவர் பெயர் சூசன்னா. பெற்றோர் இல்லாதவர், மரவேலைக்காரரின் மகள், கொண்டுவரச் சீரும் கிடையாது. அந்தஸ்து போதாது என்று நண்பர்கள் முணுமுணுத்தார்கள். கெப்ளர் இந்த ஒரு விஷயத்தில் ஊர்ப்பேச்சைக் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒயின் பீப்பாய் வாங்கியபோது இன்னொரு வேடிக்கை. கடைக்காரர் பீப்பாயின் ஓட்டை வழியாக ஒரு கோலைச் சாய்வாக உள்ளே விட்டார், எவ்வளவு நனைந்தது என்று பார்த்தார், விலை சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கோ சந்தேகம். குட்டைப் பீப்பாய், நெட்டைப் பீப்பாய் எல்லாவற்றுக்கும் ஒரே கோல் எப்படிச் சரியாக வரும்? அந்தச் சந்தேகம் 1615-ல் ஒரு புத்தகமாகவே வந்தது. பீப்பாயை மெல்லிய வட்டத் துண்டுகளாக வெட்டிக் கூட்டிக் கொள்ளளவு காணும் அந்த முறை, நாம் தலையில் அடித்துக்கொள்ளும் இன்டக்ரேஷனுக்கு ஒரு முன்னோடி. பாருங்கள், நம் கணக்குப் பேப்பருக்கு ஒரு கல்யாண ஒயின் பீப்பாயும் காரணம்!

பிற்காலத்துக் கணித ஆட்கள் கெப்ளரின் சிக்கலுக்கு ஒரு சூத்திரம் சொன்னார்கள். 1960-ல் மார்ட்டின் கார்ட்னர் ஒரு பத்திரிகையில் இதைப் புதிராகப் போட்டுப் பிரபலமாக்கினார். வருபவர் எண்ணிக்கையை 2.718-ஆல் வகுத்துக்கொள், அத்தனை பேரைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடு, அதன் பிறகு, முன்னால் பார்த்த எல்லாரையும் விடச் சிறந்தவர் யார் வந்தாலும் உடனே சரி சொல். பதினொன்றை 2.718-ஆல் வகுத்தால் 4.05. நான்கு பேரை விட்டுவிட்டு ஐந்தாவதைப் பார்த்தால் சூசன்னா! சூத்திரம் தெரிந்திருந்தால் கெப்ளருக்கு ஆறு வீட்டுப் பலகாரம் மிச்சம்.

ஆனால் அந்தச் சூத்திரத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பெண் "மாட்டேன்" என்று சொல்ல அதில் இடமே இல்லை. நான்காவது பெண் சொன்னாரே!

பரிணாமக் கொள்கை சொன்ன டார்வின் இன்னும் ஒரு படி மேல். 1838-ல் ஒரு தாளை எடுத்து நடுவே பிரித்து, ஒரு பக்கம் ‘கல்யாணம் செய்’, மறு பக்கம் ‘செய்யாதே’ என்று லாப நஷ்டக் கணக்கு எழுதினார். நஷ்டப் பக்கத்தில், நேரம் வீண், புத்தகம் வாங்கக் காசு குறையும், சாயங்காலம் படிக்க முடியாது. லாபப் பக்கத்தில், வயதான காலத்தில் துணை, வீட்டில் சங்கீதம், பேச்சுத் துணை. கூடவே, எப்படியும் ஒரு நாயை வளர்ப்பதை விட மேல் என்றும் ஒரு வரி! கடைசியில் ஜியோமெட்ரி தேற்றத்துக்குக் கீழே போடுவது போல ‘நிரூபிக்கப்பட்டது’ என்று முடித்து, கல்யாணம் செய்வதென்று தீர்மானித்தார். 1839 ஜனவரியில் தன் உறவுக்காரப் பெண் எம்மாவைக் கட்டிக்கொண்டார். பத்துக் குழந்தைகள் பிறந்தன.

கெப்ளரின் கடிதமும் டார்வினின் தாளும் இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பதினொரு பெண்கள் கெப்ளரைப் பற்றிக் குறிப்பு எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? "வயது 41. ஏற்கெனவே குழந்தைகள். எப்போதும் வானத்தையே பார்க்கிறார். பத்துப் பேரைப் பார்த்தும் முடிவெடுக்கத் தெரியவில்லை!" டார்வினின் தாளிலும், அந்தப் பெண்ணுக்கு இதில் என்ன லாபம் என்று ஒரு பத்தி இல்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

யார் முதலில் கேட்டால் என்ன, முடிவு ஒன்றுதானே என்று தோன்றலாம். அப்படி இல்லை என்று கணிதமே நிரூபித்திருக்கிறது. 1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு அமெரிக்கர்கள், கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணத்தையும் சேர்த்து ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள்.

அவர்கள் சொன்ன முறை எளிது. ஒரு ஊரில் எத்தனை ஆண்களோ அத்தனை பெண்கள். ஒவ்வொருவர் மனதிலும் எதிர்ப் பக்கத்து ஆட்களைப் பற்றி ஒரு ரேங்க் லிஸ்ட். முதல் நாள் ஒவ்வொரு ஆணும் தன் லிஸ்டில் முதலில் இருக்கும் பெண்ணைக் கேட்கிறான். அவள் தன்னைக் கேட்டவர்களில் பிடித்தவனை வெயிட்டிங் லிஸ்டில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு "இல்லை" என்கிறாள். மறுக்கப்பட்டவன் மறுநாள் தன் லிஸ்டில் அடுத்த பெண்ணிடம் போகிறான். அவனைப் பிடித்திருந்தால் அவள் பழைய ஆளை விட்டுவிடலாம். எல்லாருக்கும் ஜோடி கிடைத்ததும் ஆட்டம் முடிந்தது. இப்படிச் சேர்ந்த ஜோடிகள் நிலையாக இருக்கும். அதாவது, தத்தம் ஜோடியை விட்டுவிட்டு ஒருவரோடு ஒருவர் ஓடிப்போகலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றும்படி ஓர் ஆணும் பெண்ணும் அங்கே இருக்க மாட்டார்கள்.

இப்போது நம் காலேஜுக்கு வருவோம். மெக்கானிக்கலில் ஒரு மாணவன், சிவிலில் ஒரு மாணவன்; எலக்ட்ரிக்கலில் ஒரு மாணவி, கம்ப்யூட்டரில் ஒரு மாணவி. (எல்லாம் கற்பனை; எச்.ஓ.டி. அவர்கள் விசாரணை வைக்க வேண்டாம்!) மெக்கானிக்கலுக்கு முதல் விருப்பம் எலக்ட்ரிக்கல். சிவிலுக்கு முதல் விருப்பம் கம்ப்யூட்டர். ஆனால் எலக்ட்ரிக்கலுக்கு முதல் விருப்பம் சிவில்; கம்ப்யூட்டருக்கு முதல் விருப்பம் மெக்கானிக்கல்.

ஆண்கள் கேட்டால்: மெக்கானிக்கல் போய் எலக்ட்ரிக்கலைக் கேட்கிறான், சிவில் போய் கம்ப்யூட்டரைக் கேட்கிறான். வேறு யாரும் கேட்காததால் இருவரும் சரி என்கிறார்கள். ஆண்கள் இருவருக்கும் முதல் விருப்பம் கிடைத்தது. பெண்கள் இருவருக்கும் இரண்டாவது.

பெண்கள் கேட்டால்: எலக்ட்ரிக்கல் சிவிலைக் கேட்கிறாள், கம்ப்யூட்டர் மெக்கானிக்கலைக் கேட்கிறாள். இப்போது பெண்கள் இருவருக்கும் முதல் விருப்பம், ஆண்களுக்கு இரண்டாவது!

அதே நான்கு பேர், அதே மனசு. மாறியது ஒன்றுதான்: யார் முதலில் கேட்டார்கள் என்பது.

எத்தனை பேர் இருந்தாலும் இது பொருந்தும் என்று நிரூபித்திருக்கிறார்கள். நிலையான ஜோடிப் பொருத்தங்களிலேயே, கேட்கும் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்தது கிடைக்கும். காத்திருக்கும் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் அவற்றிலேயே கடைசியானதுதான் கிடைக்கும். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஆட்டம் நடக்கும்போது பார்த்தால் தலைகீழாகத் தெரியும். கேட்பவன் "இல்லை, இல்லை" என்று வாங்கிக்கொண்டு லிஸ்டில் கீழே கீழே இறங்கிக்கொண்டிருப்பான். காத்திருப்பவள் ராணி மாதிரி இருந்த இடத்திலேயே இருந்து, வருகிற ஆட்களில் மேலும் மேலும் நல்லவனாகத் தேர்ந்தெடுப்பாள். "உனக்கென்ன, உன்னைத் தேடி வர்றாங்க!" என்று பொறாமைப்படுவோம். ஆட்டம் முடிந்தபோது லாபம் தேடிப் போனவனுக்கு! பெண்கள் வாய் திறக்கக் கூடாது என்று எத்தனையோ ஊர்கள் போட்ட விதி, எந்தப் பக்கத்துக்குச் சாதகம் என்று இப்போது புரிகிறதா?

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. அமெரிக்காவில் புதிய டாக்டர்களையும் மருத்துவமனைகளையும் இணைக்க 1952 முதல் ஏறத்தாழ இதே முறைதான். அதில் ‘கேட்கும்’ இடத்தில் மருத்துவமனைகள் இருந்தன. டாக்டர்கள் இது நியாயமா என்று கேள்வி எழுப்பினார்கள். ஆல்வின் ராத் என்ற பொருளாதார அறிஞர் முறையைத் திருத்தித் தர, 1998 முதல் டாக்டர்கள் கேட்பது போல மாற்றினார்கள். உண்மையில் மிகச் சிலருக்குத்தான் இடம் மாறியது. ஆனாலும் யார் கேட்பது என்பது சின்ன விஷயம் இல்லை என்று ஒரு நாடே ஒப்புக்கொண்டது. ஷாப்லிக்கும் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

நம் சகோதரர்கள் இந்த முறையில் இன்னொரு விதியையும் கவனிக்க வேண்டும். ஒரு தடவை "இல்லை" என்று கேட்டவன் அதே பெண்ணிடம் மறுபடி போக மாட்டான்! பஸ் ஸ்டாப்பில் மூன்று மாதம் பின்னால் வந்தால் மனசு மாறும் என்பது சினிமாக் கணக்கு. கேல், ஷாப்லி கணக்கில் அது கிடையாது. பனங்கருக்குக் குதிரை மேல் ஏறி ஊரைக் கூட்டுவதும் கேட்பது ஆகாது, நெருக்குவதுதான். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1998-ல் ஈவ்-டீசிங் தடைச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

எண்ணாத பல்

மூன்றாவது பாகத்துக்கு வருவோம்: பெண்ணிடம் கேட்பது.

கிரேக்க நாட்டின் பேரறிஞர் அரிஸ்டாட்டில், ஆண்களை விடப் பெண்களுக்குப் பற்கள் குறைவு என்று எழுதிவைத்தார். ஆடு, பன்றிக்கும் அப்படியே என்றார். அவர் மனைவி பெயர் பித்தியாஸ். "கொஞ்சம் வாயைத் திறம்மா" என்று சொல்லி எண்ணியிருந்தால் ஒரு நிமிட வேலை. அது அவருக்குத் தோன்றவே இல்லையே என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கிண்டல் செய்திருக்கிறார். நம் பிராக்டிகலில் ரீடிங் எடுக்காமல் ரெக்கார்டு எழுதினால் அவுட்புட் இப்படித்தான் வரும்!

பல்லோடு போயிருந்தால் பரவாயில்லை. 1873-ல், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த எட்வர்ட் கிளார்க் என்ற டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். பெண்கள் ஆண்களைப் போலவே படித்தால், உடலின் சக்தியெல்லாம் மூளைக்குப் போய்விடும், கர்ப்பப்பை கெட்டுவிடும் என்றார். இதற்கு ஆதாரமாக அவர் சொன்னது விரல் விட்டு எண்ணக்கூடிய சில நோயாளிகளின் கதை. புத்தகம் அமோகமாக விற்றது. பல வீடுகளில் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கினார்கள்.

படித்த பெண்கள் என்ன செய்தார்கள்? அவர்களே சங்கம் வைத்து, பட்டம் வாங்கிய பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். "உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?" 705 பேர் பதில் எழுதினார்கள். 1885-ல் முடிவு வெளிவந்தது. படிப்பால் அவர்கள் உடம்பு கெட்டுப்போகவில்லை. அவ்வளவுதான் விஷயம். பன்னிரண்டு வருடப் பயத்தை ஒரு கேள்வித்தாள் தீர்த்தது. கேட்டார்கள், தெரிந்தது.

எங்கள் வீட்டில்

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி, ஒரு காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சென்ட்ரிங் வேலை. டாக்டர் கிளார்க்கை எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் ஆவி மட்டும் தெருக்குழாயடியில் உலவுகிறது. "டிப்ளமோ படிச்ச பொண்ணுக்கு அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளை தேடணும். செலவு எகிறும். எதுக்கு வேண்டாத வேலை?" என்று அம்மாவுக்கு யோசனை சொல்கிறார்கள். எனக்கு 18 முடிந்ததும் ஒரு தரகர் வந்து அப்பாவோடு திண்ணையில் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். 18 முடிந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் செய்யலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை என்பதை அவருக்கு யார் சொல்வது!

அன்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். "உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப அப்பாவை உனக்குப் பிடிச்சிருந்துச்சா?"

அம்மா சிரித்தார். "முகத்தை எங்கடி பார்த்தேன்? தலை நிமிரக் கூடாதுன்னு ஆயா சொல்லிடுச்சு. காபி குடுக்கும்போது காலைத்தான் பார்த்தேன். சிமென்ட் காஞ்சு வெடிச்சுப் போன கால். பாவமா இருந்துச்சு."

"உன்கிட்ட யாரும் கேட்கலியா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்ல?"

நண்பர்களே, கேல், ஷாப்லி கணக்கில் காத்திருக்கும் பெண்ணுக்குக்கூட "இல்லை" என்று சொல்லும் உரிமை உண்டு. எங்கள் அம்மாவுக்குக் கேட்கும் உரிமையும் இல்லை, மறுக்கும் உரிமையும் இல்லை. அப்பா நல்லவராக அமைந்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி நாம் ஒரு சர்க்யூட் கூடப் போட மாட்டோம், ஃபியூஸ் வைப்போம்.

அந்த ஃபியூஸ் நம் மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-ல், இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்து சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லும்படி ஆக்கினார்கள். உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில், "இவரை என் கணவராக ஏற்கிறேன்", "இவரை என் மனைவியாக ஏற்கிறேன்" என்று இருவரும் வாய் திறந்து சொன்னால் அதுவே கல்யாணம். மாலை மாற்றியும் செய்யலாம், மோதிரம் மாற்றியும் செய்யலாம், தாலி கட்டியும் செய்யலாம். பெண்ணுக்குக் குரல் உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது.

பிப்ரவரி 29 வரை காத்திருக்க வேண்டாம். பனங்கருக்கும் வேண்டாம். வேண்டியது ஒரே ஒரு கேள்வி. வீட்டில் அக்கா, தங்கை இருக்கும் நண்பர்களே, தோழியரே! அடுத்த முறை தாம்பாளத் தட்டோடு யாராவது வந்து கூடத்தில் உட்கார்ந்தால், நீங்கள் ஒரு நிமிடம் உள்ளே போங்கள். அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் கேளுங்கள்.

சர்க்கரை போதுமா என்று அல்ல. சம்மதமா என்று.